நாலு அசையில் ஒரு சொல்

கிணற்றடியில் அக்கா உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். அத்தானின் சாரத்தை முறுக்கி, தலைக்கு மேலே தூக்கி, கல்லில் ஓங்கி அடித்தார்.

"கார். சி. நோ. மா."

"இல்லை அக்கா. நாலையும் ஒரே மாதிரிச் சொல்லுறியள். மூண்டாவதிலை அமத்துங்கோ. 'நோ'விலை பாரத்தைப் போடுங்கோ. மற்ற மூண்டையும் சும்மா தொட்டிட்டுப் போங்கோ."

அக்கா சாரத்தை மறுபடி தூக்கினார். 'கார்சி' என்றபோது சாரம் மேலே இருந்தது. 'நோ' என்றபோது கல்லில் விழுந்தது. 'மா' என்றபோது சவர்க்கார நுரை என் காலில் தெறித்தது.

"இப்ப சரியோ?"

"இப்ப சரி. டொக்டர்மாரே இப்பிடித்தான் சொல்லுவினம்."

அறுபது வயதைத் தாண்டிய அக்காவின் முகத்தில் பள்ளிக்கூடப் பிள்ளையின் பெருமை தெரிந்தது. பக்கத்து வாழைத் தோட்டத்தில் தண்ணீர் பாத்திக்குப் பாத்தி மாறும் சத்தம் கேட்டது. ஈரச் சீமெந்தின் மணம். கிணற்றடிக்கும் வீட்டின் கிழக்கு அறை யன்னலுக்கும் இடையில் பத்து அடி கூட இல்லை. அந்த அறையில்தான் அத்தான் படுத்திருந்தார்.

அந்தச் சொல் அத்தானின் உடம்பில் இருந்த வருத்தத்தின் பெயர். அது என்ன வருத்தம் என்று அவருக்குத் தெரியக்கூடாது என்பதற்காகத்தான் அக்கா அதை ஆங்கிலத்தில் பழகிக்கொண்டிருந்தார். பழக்கியவன் நான்.

சென்ற வாரம் இந்தத் தொடரில் என் ரியூசன் கொட்டிலைப் பற்றி எழுதியிருந்தேன். "வாசிச்சு நல்லாய்ச் சிரிச்சன்" என்று ஒரு வாசகர் தொலைபேசியில் சொன்னார். இந்த வாரம் அவர் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அழுத்த மாஸ்ரர்

புதிதாக வாசிப்பவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன். நான் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியன். நீளமான ஆங்கிலச் சொல்லைக் கண்டால் எனக்கு வாயூறும். பிள்ளைகள் பயப்படுகிற சொல்லாகப் பார்த்துக் கரும்பலகையில் எழுதுவேன். அசை அசையாகக் கோடு போட்டு வெட்டுவேன். தலை எது, உடல் எது, வால் எது என்று காட்டுவேன். பிறகு அழுத்தம் எங்கே விழுகிறது என்பதை டஸ்ரரால் மேசையில் அடித்துக் காட்டுவேன். முன்வாங்கில் இருக்கும் பிள்ளைகள் வீட்டுக்குப் போகும்போது தலையெல்லாம் சோக்கட்டித் தூளாக இருக்கும்.

'போட்டோகிராப்' என்றால் அடி முதல் அசையில் விழும். படம் எடுக்கிற ஆளைச் சொன்னால் அடி இரண்டாம் அசைக்குப் போய்விடும். வாலில் 'இக்' என்று ஒன்றை ஒட்டினால் இன்னும் ஓர் அசை பின்னால் நகரும். சொல் அதே சொல்தான். வால் மாறினால் பாரம் இடம் மாறும். இதைப் பெரிய ஞானம் மாதிரி ஒவ்வொரு வருடமும் சொல்லுவேன்.

நம்மவர்கள் ஆங்கிலம் பேசும்போது எல்லா அசைக்கும் சமமாகப் படியளப்பார்கள். தமிழ் வாய் அப்படித்தான் பழகியிருக்கிறது. எங்கள் பாடசாலையில் தமிழ் படிப்பித்த நண்பர் ஒருவர் இதைச் சொல்லி என்னைச் சீண்டுவார். "எங்கடை அசை நேரும் நிரையுமாய் ஒழுங்காய் நடக்குது காணும். உங்கடை அசை வெறிக்காரன் மாதிரி ஒரு காலை ஊண்டி மற்றக் காலை இழுக்குது."

பிள்ளைகள் எனக்கு வைத்த பட்டம் 'அழுத்த மாஸ்ரர்'. வீதியால் போகும்போது வேலிக்குப் பின்னால் இருந்து யாராவது 'எஜுகேசன்' என்று கத்திவிட்டு ஓடுவார்கள். மூன்றாவது அசையில் சரியாக அழுத்தித்தான் கத்துவார்கள். அதனால் எனக்குக் கோபம் வந்ததில்லை, உள்ளுக்குள் சந்தோசம்தான்.

இந்தத் தலைக்கனம்தான் பிறகு என்னைக் கொண்டுபோய் விழுத்தியது.

போத்தல்களின் வால்

அத்தான் நீர்வேலியில் வாழைத் தோட்டம் செய்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. ஆங்கிலம் பேசமாட்டார். ஆனால் எழுத்துக் கூட்டி வாசிப்பார். மருந்துப் போத்தல்களை வாசித்து வாசித்து வந்த பழக்கம் அது.

அதிகம் கதைக்கிற மனிதர் அல்ல. என் மனைவி இறந்தபோது ஒரு மாதம் விடாமல் ஒவ்வொரு பின்னேரமும் சைக்கிளில் வந்தார். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு என்னோடு இருப்பார். ஆறுதல் சொல்ல அவருக்குத் தெரியாது. நான் அழுதால் அழவிடுவார். செக்கலாகி இருட்டத் தொடங்கியதும் "அப்ப வாறன்" என்று எழும்பிப் போவார். மற்றவர்கள் சொன்ன ஆறுதல் வார்த்தைகளில் ஒன்றும் எனக்கு இப்போது ஞாபகம் இல்லை. அந்தக் கதிரை ஞாபகம் இருக்கிறது.

பல வருடங்களுக்கு முன் ஒருநாள் தோட்டத்தில் அவரோடு நின்றேன். குலை போட்ட வாழைகளுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவர், கொட்டிலுக்குள் வரிசையாக இருந்த போத்தல்களைக் காட்டிக் கேட்டார்.

"தம்பி, உதுகள் எல்லாத்துக்கும் பின்னுக்கு ஒரே சத்தம் கிடக்கு. பெஸ்ரிசைட், பங்கிசைட், வீடிசைட். உந்தச் 'சைட்' எண்டால் என்ன?"

"கொல்லுறது எண்டு கருத்து, அத்தான்."

கையிலிருந்த தடியை நிலத்தில் ஊன்றிக்கொண்டு போத்தல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"அப்ப தலை, ஆரைக் கொல்லுறது எண்டு சொல்லுது. வால், என்ன செய்யிறது எண்டு சொல்லுது."

"ஓம்."

"ஒழுங்கான பாஷைதான்," என்று சொல்லிவிட்டு அடுத்த வாழைக்குப் போனார்.

நான் ஒரு பாடவேளை முழுக்க மேசையில் அடித்துப் படிப்பிப்பதை மனிதர் வாழைக்கு முட்டுக் கொடுத்தபடியே பிடித்துவிட்டார். அவருடைய காதைப் பற்றி எனக்கு அன்றைக்கே உறைத்திருக்க வேண்டும்.

வீட்டுக்குள் ஆங்கிலம்

அத்தானுக்கு வயிற்றில் நோ வந்தபோது கஸ்ரிக் என்றுதான் எல்லோரும் சொன்னோம். அவரும் கடையில் குளிசை வாங்கிப் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். உடம்பு மெலிந்து, சோறு இறங்காமல் போன பிறகுதான் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். டொக்டர் என்னையும் அவர்களுடைய மகள் கௌசியையும் வெளியே கூப்பிட்டுச் சொன்னார். இரைப்பையில் தொடங்கி ஈரலுக்கும் பரவிவிட்டது. வெட்டி எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது. சில மாதங்கள்தான்.

நாங்கள் சொன்னதைக் கேட்டு அக்கா ஆசுபத்திரி விறாந்தையிலேயே முடிவெடுத்துவிட்டார்.

"அவருக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சால் மனிசன் அண்டைக்கே முடிஞ்சுபோம்."

யாரும் மறுத்துப் பேசவில்லை. நம்முடைய ஊர்களில் இதுதான் வழக்கம். வருத்தக்காரரைத் தவிர ஊர் முழுக்க வருத்தத்தின் பெயர் தெரிந்திருக்கும். 'கான்சர்' என்ற சொல் படலைக்கு வெளியே நிற்கவேண்டும். வீட்டுக்குள் அது குடல்புண் என்றோ கஸ்ரிக் என்றோதான் நுழையலாம்.

ஆனால் வீடு சின்னது. கனடாவில் இருக்கும் அவர்களுடைய மகன் ஒவ்வொரு பின்னேரமும் அழைப்பான். டொக்டர் என்ன சொன்னார், ஸ்கானில் என்ன வந்தது என்று துருவுவான். கிளினிக்கில் அத்தானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தாதிமாரிடம் கேள்வி கேட்கவேண்டியிருக்கும். ரகசியமாகக் கதைத்தால் மனிதர் சந்தேகப்படுவார்.

"இங்கிலீசிலை கதைப்பம்," என்றேன் நான். "கான்சர் எண்ட சொல்லு எல்லாருக்கும் தெரியும். அதின்ரை பெரிய பேர் ஆருக்கும் தெரியாது."

யோசனை என்னுடையது. அதை யார் தலையிலும் கட்ட முடியாது.

கௌசிக்கு ஆங்கிலம் வரும். அக்காவுக்குத்தான் பாடம். ஒரு கொப்பி வாங்கி, பன்னிரண்டு சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி, அசைகளைக் கோடு போட்டுப் பிரித்து, அழுத்தம் விழும் இடத்துக்குக் கீழே சிவப்பு மையால் இரட்டைக் கோடு போட்டுக் கொடுத்தேன். வருத்தம் பரவுவதற்குச் சொல் மெற்றாஸ்ரசிஸ். அதில் இரண்டாம் அசைக்குக் கீழே கோடு.

வெட்டமுடியாத நிலைக்கு 'இன்ஒப்பரபிள்' என்ற சொல். அதை அக்காவுக்கு உடைத்துக் காட்டினேன். முன்னால் நிற்கும் 'இன்' என்றால் இல்லை. நடுவில் ஒப்பரேசன் கத்தி. கடைசியில் வரும் 'ஏபிள்' என்றால் முடியும். வால் முடியும் என்று சொன்னாலும் தலை அதை விழுங்கிவிடும்.

அக்கா கொப்பியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"முடியும் எண்டதும் அதுக்குள்ளை கிடக்குத்தானே, தம்பி," என்றார்.

நான் அடுத்த சொல்லுக்குப் போய்விட்டேன்.

அக்கா கெட்டிக்காரி. மூன்றாம் கிழமைக்குள் தடக்காமல் சொன்னார். இரவுக்குப் புட்டோ இடியப்பமோ என்று கேட்கிற குரலில் மகனிடம் மெற்றாஸ்ரசிஸ் என்றார். சொல்லிவிட்டு ஒரு சிரிப்பும் சிரித்தார். சிரிப்பு அவருடைய சொந்தச் சேர்க்கை, நான் சொல்லிக்கொடுத்ததல்ல. சிரித்தால் அத்தான் ஏதோ பகிடிக் கதை என்று நினைப்பார் என்பது அவர் கணக்கு. கௌசியும் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். அத்தானின் அறைக்குள் போகும்போதெல்லாம் அக்கா ஒரு பகிடியோடுதான் போவார். அந்த வீட்டில் அவ்வளவு சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அழுகை வந்தால் கிணற்றடிக்குப் போகவேண்டும் என்று எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. கௌசி போவாள். நானும் போயிருக்கிறேன். அக்கா கிணற்றடிக்குப் போனால் சொல் பழகுவார்.

பக்கத்துக் கட்டில்

பிறகு வயிற்றில் நீர் கட்டியது. அதை எடுப்பதற்காக அத்தானை ஒரு கிழமை ஆசுபத்திரி வாட்டில் வைத்திருந்தார்கள். பகலில் நான் காவல்.

பக்கத்துக் கட்டிலில் பருத்தித்துறைப் பக்கத்துக் கடற்தொழிலாளி ஒருவர். அவருடைய ஆட்கள் எதையும் மறைக்கவில்லை. மனைவி தலைமாட்டில் இருந்து, "கான்சர் எண்டு சொல்லிப்போட்டாங்களே, நான் என்ன செய்வன்" என்று வாய்விட்டு அழுதார். மனிதர் ஒரு கையால் மனைவியின் முதுகைத் தடவிக்கொண்டு, மறுகையை நீட்டி மகன்மாருக்கு விளங்கப்படுத்தினார். வள்ளம் யாருக்கு, இயந்திரம் யாருக்கு, கடைசி மகளை எங்கே கலியாணம் செய்து கொடுக்கவேண்டும் என்று சத்தமாகவே சொன்னார். மகன்மார் அழுதுகொண்டே சண்டையும் பிடித்தார்கள்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. வருத்தக்காரருக்கு முன்னால் இப்படியா என்று நினைத்தேன். நாங்கள் எவ்வளவு நாகரிகமாக நடந்துகொள்கிறோம் என்றும் நினைத்தேன். நினைத்ததை மறைத்து என்ன பயன்?

ஐந்தாம் நாள் அந்த மனிதர் போய்விட்டார். கட்டிலைக் கழுவிப் புது விரிப்புப் போட்டார்கள். டெற்றோல் மணம் வாட்டில் நின்றது. மத்தியான நேரம். அத்தான் நித்திரை என்று நினைத்து நான் பேப்பரை விரித்தேன்.

"தம்பி, அந்தாளுக்கு என்ன வருத்தம்?"

"தெரியேல்லை, அத்தான்."

"எனக்குத் தெரியும். பெண்சாதி சொல்லிச் சொல்லித்தானே அழுதது. டொக்டர் படிக்கிற பிள்ளையளோடை வந்து அந்தாளைக் காட்டிக் கார்சிநோமா எண்டவர். பிறகு இஞ்சாலை திரும்பி என்னைக் காட்டியும் அதையேதான் சொன்னவர். நடுவிலை ஒரு அமத்து அமத்தினவர். கொக்கா சாரத்தாலை கல்லிலை அடிக்கிற அதே இடம்."

கொக்கா என்றால் உன் அக்கா. என்னோடு கதைக்கும்போது மனைவியை அவர் அப்படித்தான் சொல்வார்.

நான் பேப்பரில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அது ஒரு மருந்தின்ரை பேர், அத்தான்," என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மருந்துகளின்ரை பேர் எனக்குத் தெரியாதோடா?"

கோபம் இல்லை. கொஞ்சம் சிரிப்புக் கூட இருந்தது. நான் பேப்பரை மடித்தேன். மறுபடி விரித்தேன். எத்தனை ஆயிரம் சொல்லை எத்தனை பிள்ளைகளுக்கு உடைத்துக் கொடுத்திருப்பேன். கேட்ட மனிதருக்கு அந்த ஒன்றை உடைத்துக் கொடுக்க எனக்கு வாய் வரவில்லை.

"அந்தாளின்ரை பெண்சாதி அழேக்கை எனக்கு எரிச்சல் வந்தது எண்டு நினைக்கிறியோ?" என்றார் அத்தான். "பொறாமை வந்தது. அந்தாள் தன்ரை ஆக்களோடை கதைக்கவேண்டியதைக் கதைச்சுப்போட்டுப் போட்டுது. நான் ஆரோ பிறத்தியாற்றை வீட்டிலை கிடக்கிற மாதிரி என்ரை வீட்டிலை கிடக்கிறன். எல்லாரும் சிரிக்கினம். ஏன் சிரிக்கினம் எண்டு என்னாலை கேக்கேலாது."

"அத்தான்..."

"கேள். எனக்குத் தெரியுமெண்டு கொக்காட்டைச் சொல்லு. நான் சொன்னால் மனிசி உடைஞ்சுபோகும். அவ்வளவு பாடுபட்டெல்லோ பழகினது. நீ பக்குவமாய்ச் சொல்லு. ஒரு நாளெண்டாலும் அவள் என்னோடை தமிழிலை கதைக்கட்டும்."

"சொல்லுறன், அத்தான்," என்றேன்.

நாளைக்கு

நான் சொல்லவில்லை.

அத்தானை வீட்டுக்குக் கொண்டுவந்த அடுத்த நாள் சொல்லத்தான் போனேன். படலையிலேயே அக்கா பிடித்துக்கொண்டார். "தம்பி, காலமை டொக்டரோடை ரெலிபோனிலை கதைச்சனான். ஒரு இடத்திலையும் தடக்கேல்லை. அவர் நீங்கள் ரீச்சரோ எண்டு கேட்டவர்." அந்த முகத்தைப் பார்த்து நான் என்ன சொல்ல? நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

அறைக்குள் போனதும் அத்தான் கேட்டார். "சொன்னியோ?"

"நாளைக்கு."

மறுநாளும் கேட்டார். மறுநாளும் அதே பதில். அதற்கு அடுத்த நாளில் இருந்து அவர் கேட்கவில்லை, நான் உள்ளே வரும்போது முகத்தைப் பார்ப்பார். பார்த்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அக்கா தாங்கமாட்டார் என்பதற்காகத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். 'அப்ப உன்ரை இங்கிலீசு என்னத்துக்கு?' என்று அக்கா கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். என் வாழ்க்கையில் நான் திறமாகச் செய்தது அது ஒன்றுதான். அது ஒரு மனிதரைத் தன் வீட்டுக்குள்ளேயே அந்நியனாக்கிவிட்டது என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. கோழைத்தனம். வேறு பெயர் இல்லை.

பிறகு நோவுக்குக் கொடுத்த மருந்து கூடியது. அத்தான் பெரும்பாலும் மயக்கத்தில் கிடந்தார். குரல் அடைத்துவிட்டது. அக்கா கரண்டியால் தேத்தண்ணீர் பருக்கிக்கொண்டே, "கெதியாய் எழும்புங்கோ, கதலி குலை தள்ளீற்றுது, கள்ளன் வெட்டமுன்னம் நாங்கள் வெட்டவேணும்" என்று பகிடி விடுவார். அத்தான் கண்ணைத் திறந்து அக்காவையே பார்ப்பார். ஏதோ சொல்ல உதடு அசையும். அக்கா உடனே அடுத்த பகிடியைத் தொடங்கிவிடுவார்.

ஒரு விடியப்புறம் அத்தான் போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சாப்பாட்டுக்கு இருந்தபோது, வந்தவர்களிடமெல்லாம் அக்கா சொன்னார். "ஒண்டும் தெரியாமல் போட்டார். கடைசி மட்டும் கஸ்ரிக் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தவர். அந்தளவிலை எனக்கு நிம்மதி. எல்லாம் தம்பியின்ரை மூளை." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன். ஆட்டியதும் அல்லாமல், இன்னும் கொஞ்சம் பாயாசம் விடச் சொல்லிக் கேட்டேன்.

இதை அனுப்புமுன்

அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் வாழை இரண்டு தரம் குலை தள்ளிவிட்டது. அக்கா இப்போது அழாமல், சிரிக்காமல், சாதாரணமாக இருக்கிறார். அத்தான் ஒன்றும் அறியாமல் போனார் என்ற ஒரு ஆறுதலைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

அக்கா இந்தத் தொடரை வாராவாரம் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசிக்கிறவர். இந்த அத்தியாயத்தை எழுதாமல் தாண்டிப் போகலாம் என்று பார்த்தேன். மூன்று வாரம் வேறு கதைகள் எழுதினேன், முடியவில்லை. அதற்காக அச்சில் வாசித்து அவர் தெரிந்துகொள்வது நியாயம் இல்லை. போன ஞாயிறு நீர்வேலிக்குப் போனேன்.

அக்கா குசினியில் நிலத்தில் இருந்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். நானும் பக்கத்தில் இருந்து ஒரு கொப்பை எடுத்துக்கொண்டேன். பிறகு ஒன்றும் விடாமல் சொன்னேன். பக்கத்துக் கட்டிலைச் சொன்னேன். மருந்தின் பெயர் என்று நான் சொன்ன பொய்யைச் சொன்னேன். அத்தான் என்னிடம் தந்துவிட்ட சேதியைச் சொன்னேன். ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்றதையும் சொன்னேன்.

அக்கா இலை ஆய்வதை நிறுத்தவில்லை. நான் ஏச்சுப் பேச்சுக்குத் தயாராக இருந்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன்.

"அப்ப அவர் தெரிஞ்சுகொண்டோ கிடந்தவர்?"

"ஓம், அக்கா."

"நான் பகிடி விடேக்கையும்?"

"ஓம்."

"தேத்தண்ணி பருக்கேக்கையும்?"

தலையை ஆட்டினேன்.

அக்காவின் கை நின்றது. மடியில் கிடந்த இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சுளகில் போட்டார். எல்லாவற்றையும் போட்டு முடிக்கும்வரை என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"அப்ப நான் அழுதிருக்கலாமே, தம்பி," என்றார்.